செடியில் அடித்த கொசு மருந்து எத்தனை நாள் நிற்கும்?

வணக்கம். வீட்டைச் சுற்றியுள்ள புதர்ச்செடிகளில் கொசு மருந்து அடித்து இன்றோடு 24 நாள். லாம்ப்டா சைஹாலோத்ரின்தான். கைத்தெளிப்பானில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்தேன், பகலில் கொசு அங்கேதானே ஒண்டிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வாரம் மாலையில் வெளியே நிம்மதியாக உட்கார முடிந்தது. நேற்று ஒரு இலையைத் திருப்பினால், காலில் வெள்ளை வரியோடு ஏடிஸ் கொசு ஒன்று, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது!

இந்த மருந்து இலையில் சில வாரம் நிற்கும் என்று தெரியும். வெயிலில் சிதையும், மழை கொஞ்சம் கழுவிவிடும், புதிதாக விட்ட துளிரில் மருந்தே இருக்காது. இடையில் இரண்டு முறை நல்ல மழை பெய்தது. ஆனால் அந்தக் கொசு இருந்தது பழைய இலையில், நிழல் பக்கம். அதுதான் குழப்பம். மருந்து தீர்ந்துவிட்டதா, இல்லை கொசுவுக்குப் பழகிவிட்டதா? பழகிவிட்டது என்றால் பைஃபென்த்ரின், டெல்டாமெத்ரின் என்று மாற்றியும் பெரிய பயன் இருக்காது, எல்லாம் இதே பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்துக் குடும்பம்தான்.

அடித்த இலையையும் அடிக்காத இலையையும் தனித்தனி டப்பாவில் கொசுவோடு வைத்து மறுநாள் எண்ணிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனையாவது வாரத்தில் சாவு குறைந்தது? தேதி பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அடிக்க மனமில்லை. பூத்த செடிகளில் தேனீ வருகிறது, அவற்றை இப்போதும் விட்டுவிட்டுத்தான் அடிக்கிறேன். தேங்கிய தண்ணீரை வாராவாரம் கொட்டிவிடுகிறேன், அந்த அறிவுரை மட்டும் வேண்டாம்.