எலிஃபண்ட் பியூட் ஏரி: மணற்கரையில் கூடாரமா, மேட்டில் கரன்ட் உள்ள இடமா?

புதுக்கூடாரம்:
நியூ மெக்சிகோவின் எலிஃபண்ட் பியூட் ஏரி மாநிலப் பூங்கா. ஏப்ரல் கடைசி வாரம், இரண்டு இரவு. இரண்டு குடும்பம், நான்கு குழந்தைகள், ஒரு மினிவேன், ஒரு ஆல்-வீல் எஸ்யூவி. தண்ணீரை ஒட்டி மணல்வரை வண்டியை ஓட்டிப் போய் அங்கேயே கூடாரம் போடலாம் என்கிறார்கள். மேலே நிழற்கூரை, மேசை, கரன்ட், குழாய்த் தண்ணீர் உள்ள இடங்களும் உண்டு. எதை எடுப்பது? காரணத்தோடு சொன்னால் நல்லது.

மணற்கரை:
கரைதான், சந்தேகமே வேண்டாம். சிவாவா பாலைவனத்து நடுவுல, ரியோ கிராண்டே ஆத்துல 1916-ல கட்டி முடிச்ச அணை தேக்கி வச்ச தண்ணி அது. அதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போறீங்க? ராத்திரி கூடாரத்து வாசல்ல உட்கார்ந்தா எதிர்ல கருப்புத் தண்ணி, மேல பால்வீதி. மேட்டுல பக்கத்து ஆர்வியோட, அதான் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியோட, விளக்குதான் தெரியும்.

மணல்ல கூடாரம் நிக்காதுன்னு சொல்வாங்க. கூடாரத்தோட வர்ற கம்பி ஆணியை நம்பினா நிக்காதுதான். அதை டிக்கியிலேயே விட்டுடுங்க. காலியான இருபது பவுண்டு அரிசிப் பையில பாதி வரை மணல் நிரப்புங்க, எட்டு ஒன்பது கிலோ வரும். வாயைக் கட்டி, நடு இடுப்புல கயிறு கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதையுங்க. குழியிலிருந்து கூடாரம் வரைக்கும் கயிறு போக ஒரு சாய்வான கோடு வெட்டணும். இல்லேன்னா கயிறு நேர் மேலே இழுத்துப் பையைக் கிளப்பிடும். மூடின மணல் மேல ஒரு வாளி தண்ணி ஊத்தி மிதிச்சுவிடுங்க, ஈர மணல் பிடிப்பு வேற மாதிரி இருக்கும். ஒரு கூடாரத்துக்கு ஆறு பை போதும். காத்து வர்ற மேற்குப் பக்கம் மூணு, மிச்சம் மத்த பக்கம்.

மேட்டுநிழல்:
மணற்கரை சொன்ன புதைநங்கூரம் சரியான முறை, அதில் மறுப்பில்லை. மறுப்பு மாதத்தில் இருக்கிறது. தெற்கு நியூ மெக்சிகோவில் மார்ச் முதல் மே வரை காற்றுக் காலம். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் நண்பகலுக்குப் பிறகு எழும்; மணிக்கு 40 மைல் வீச்சு அங்கே செய்தியே அல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணிமேல் விழும் விசை நான்கு மடங்கு. 20 மைலில் சும்மா படபடக்கிற கூடாரம் 40 மைலில் கம்பி ஒடிந்து படுத்துவிடும்.

நங்கூரம் பிடித்தாலும் மணல் பறப்பதை யார் தடுப்பது? நம்மவர்கள் வாங்கும் குடும்பக் கூடாரங்களில் பாதிச் சுவர் கொசுவலை. வெளிமூடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். அந்த இடைவெளியில் மாவு போன்ற தூசு நுழைந்து வலை வழியாக வடிந்து படுக்கை, சாப்பாடு, குழந்தையின் கண் எல்லாவற்றிலும் இறங்கும். ஜிப் பற்களில் மணல் ஏறினால் இரண்டாம் நாள் வாசல் மூடாது. நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டு முதல் தடவையே இதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

நாலுசக்கரம்:
கூடாரத்துக்கு முன்னால் வண்டியைப் பற்றிப் பேசுங்கள். மினிவேன் முன்சக்கர இழுவை, தாழ்ந்த வயிறு, நெடுஞ்சாலை டயர். அது கரைமணலில் இறங்கக் கூடாது. கெட்டியான பாதையில் நிறுத்திவிட்டுச் சாமான்களை எஸ்யூவியில் மாற்றிக் கொண்டுபோகலாம்.

எஸ்யூவிக்கு: மணல் தொடங்குமுன் நின்று, டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 20-க்கு இறக்குங்கள். டயர் தரையில் படும் நீளம் கூடும், புதைவது குறையும். 15-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். சீரான மெதுவான வேகம், கூர்மையான திருப்பம் கூடாது. நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் மணல் மேடு குவியும், கிளம்பும்போது அதுவே தடை.

சக்கரம் சுழன்றால் அந்த நொடியே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் அச்சு வரை குழி தோண்டிக்கொள்ளும். நான்கு டயருக்கு முன்னாலும் கையகலச் சரிவு வெட்டி, இழுவைப் பலகையைச் சொருகி, மெதுவாக ஏறுங்கள். இன்னொருவர் கயிறு போட்டு இழுக்க வந்தால் வண்டிச் சட்டத்தோடு பொருத்திய இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். வண்டிக்குப் பின்னால் டிரெய்லரைக் கோர்க்கும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது உடைந்து பறந்தால் ஆள் செத்துப்போவான்.

மணற்கரை:
சரியா சொன்னீங்க. மணல்ல சிக்குறதை விடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, அதையும் எழுதிடுங்க. சேறு.

நாலுசக்கரம்:
ஆமாம். இந்த ஏரி பாசனத்துக்கானது. தண்ணீரைத் திறந்துவிட்டால் மட்டம் இறங்கும், பனி உருகி வந்தால் ஏறும். இருபது ஆண்டுக்கு மேலாக முழுக் கொள்ளளவை நெருங்கவே இல்லை. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன ஆண்டுகள் உண்டு. தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் மேலே வெயிலில் காய்ந்த ஓடு, கீழே வண்டல் சேறு. பார்ப்பதற்குத் தார்ச்சாலை மாதிரி கெட்டியாக இருக்கும். அதில் இறங்கிய வண்டிக்கு டயர் காற்றை இறக்குவது உதவாது.

சோதனை எளிது. நடந்து போய்க் குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். பிறகு கூடாரக் கம்பி ஒன்றைக் குத்துங்கள். ஒரு சாண் ஆழம் வழவழவென்று இறங்கினால் அங்கே வண்டி வேண்டாம். ஓட்டில் பலகோண வெடிப்புகள் தெரிந்தாலும் அப்படியே. போன வருடப் படத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள், போன வருடக் கரை இந்த வருடக் கரை அல்ல. இழுவை வண்டி ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ் ஊரிலிருந்து வரவேண்டும்; ஊர் பக்கம்தான், ஆனால் சேற்றுக்குள் இறங்க அவர்களும் யோசிப்பார்கள்.

மேட்டுநிழல்:
இவ்வளவு முன்னெச்சரிக்கை எதற்கு என்பதுதான் என் கேள்வி. மேலே 20 ஆம்பியர் சாதாரண பிளக் இருக்கிற இடம் கிடைக்கும். இண்டக்ஷன் அடுப்பை அதில் மாட்டினால் காற்றில் அணையாத நெருப்பு. ஒரே ஒரு கணக்கு: இண்டக்ஷன் 1800 வாட் என்றால் 15 ஆம்பியர். கூடவே 700 வாட் ரைஸ் குக்கரைப் போட்டால் 20-ஐத் தாண்டி பிரேக்கர் விழும். ஒன்றன்பின் ஒன்றாகச் சமையுங்கள். நீட்டிப்பு வயர் வெளிப்பயன்பாட்டுக்கான 12 கேஜ் தடிமனாக இருக்கட்டும் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). வீட்டு 16 கேஜ் வயரில் ஹீட்டர் போட்டால் வயர் சூடாகி உருகும்.

காற்று ஏறிவிட்டால் கூரைக்கடியில் மேசையைச் சுற்றி உட்காரலாம், கழிப்பறையும் குளியலறையும் நடக்கும் தூரத்தில். கரையில் உங்களுக்குக் கிடைப்பது அங்கங்கே உள்ள குழிக்கழிப்பறை. அது தூரமாக இருந்தால் நடு ராத்திரியில் ஐந்து வயதுக் குழந்தையை எங்கே கூட்டிப் போவீர்கள்?

மணற்கரை:
கழிப்பறை விஷயம் உண்மை, ஒத்துக்கிறேன். கரைக்குப் போறவங்க மூடியுள்ள வாளி, கழிவைக் கெட்டியாக்குற பொடி போட்ட பை, சின்ன மறைப்புக் கூடாரம் மூணையும் எடுத்துட்டுத்தான் போகணும். பையை மூடித் திரும்பக் கொண்டுவரணும், மணல்ல புதைக்கக் கூடாது. தண்ணி ஏறினா எல்லாம் ஏரிக்குள்ள போயிடும்.

ஆனா மேடுன்னா காத்தில்லைன்னு நினைக்க வச்சுடாதீங்க. மேட்டுல இன்னும் நேரா அடிக்கும், மறைக்க மரம் ஏது? நிழற்கூரை வெயிலுக்குத்தான். தரை சுண்ணாம்புக் கெட்டி, ஜல்லி கொட்டினது. கம்பி ஆணி ரெண்டாவது அடியில ‘ட’ மாதிரி வளையும். தலை அகலமான பத்து அங்குல இரும்பு ஆணியும் கனமான சுத்தியலும் இல்லாம மேட்டுலயும் கூடாரம் நிக்காது. மடிக்கிற நாலுகால் பந்தலைப் பத்தியும் சொல்லிடறேன்: எங்க போட்டாலும் மதியம் பன்னிரண்டுக்கு முன்னாடி மடிச்சுடுங்க. காலுக்கு ஒரு இருபது லிட்டர் வாளி மணல் கட்டினா முப்பது கிலோவுக்கு மேல ஆகும், பறக்காது. பறக்காத பந்தல் கத்தரிக்கோல் கம்பியில மடங்கி உடையும்.

செம்பானை:
சமையல் பக்கம் யாரும் முழுசாகச் சொல்லவில்லையே. ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,340 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரம் கூடும், பருப்பு முரண்டு பிடிக்கும். குக்கரில் வைத்தாலும் வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். கொண்டைக்கடலையை வீட்டிலேயே வேகவைத்து உறைய வைத்துக் கொண்டுபோனால் ஐஸ் கட்டிக்கும் பதில் ஆகும்.

கரையில் கேஸ் அடுப்பு என்றால் காற்றுத் தடுப்பு வேண்டும். ஆனால் சிலிண்டரையும் சேர்த்துச் சுற்றி மூடிவிடாதீர்கள். வெப்பம் உள்ளே தேங்கி சிலிண்டர் வெடிக்கும். அகலமான தோசைக்கல் சிலிண்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே ஆபத்து. விறகு, கரி இரண்டுக்கும் வசந்தத்தில் பலமுறை தடை போடுவார்கள். கிளம்பும் நாளன்று பூங்கா அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கிறதே என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது மட்டும் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர்: குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு நான்கு லிட்டர், சமையலும் கழுவலும் சேர்த்து எட்டு. உங்கள் எட்டுப் பேருக்கு இரண்டு நாளைக்கு 128 லிட்டர். கரைக்கு இறங்கினால் அவ்வளவும் வண்டியில் சுமை, அதுவும் மணலில். மேட்டில் குழாய்.

ஒரு மண்பானை கொண்டுபோங்கள். சென்னையின் ஈரக்காற்றில் பானை கொஞ்சம்தான் வேலை செய்யும். அந்த வறண்ட காற்றில் பானை வேர்ப்பது உடனே ஆவியாகி, மதியம் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால் போதும்.

புதுக்கூடாரம்:
128 லிட்டர் என்பதை யோசிக்கவே இல்லை. பாம்பு, தேள்?

மேட்டுநிழல்:
கிலுகிலுப்பை விரியன் உண்டு. இருட்டில் வெறுங்காலோடு நடக்காமல், கை போகும் இடத்தை முதலில் கண் பார்த்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. செருப்பையும் ஷூவையும் உதறிப் போடுங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும், படுக்கப் போகுமுன் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

உண்மையில் தினம் தொந்தரவு செய்வது நெருஞ்சி. நம் ஊர் நெருஞ்சியேதான், அங்கே ஆட்டுத்தலை முள் என்ற பொருளில் பெயர். காற்றடைக்கும் மெத்தை ஒரு முள்ளில் முடிந்தது. கூடாரத்துக்குக் கீழே தார்ப்பாய், மெத்தைக்குக் கீழே மூடிய நுரைப் பாய் என்று இரண்டு அடுக்கு போடுங்கள். நுரைப் பாய் குளிருக்கும் உதவும்: பகலில் 25 முதல் 28 டிகிரி இருக்கும் அதே நாளில் இரவு எட்டு டிகிரிக்கு இறங்கலாம்.

மணற்கரை:
இடம் பார்க்கும்போது வறண்ட ஓடை வாயில கூடாரம் போடாதீங்க. புதர்ல குச்சி, சருகு இடுப்பு உயரத்துல சிக்கியிருந்தா அங்க வெள்ளம் வந்து போயிருக்குன்னு அர்த்தம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் எங்கேயோ மலையில பெய்ஞ்ச மழை இங்க வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். ஏப்ரல்ல அபூர்வம்தான், இருந்தாலும் பழக்கமா வச்சுக்கங்க.

மேட்டுநிழல் கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றேன். நாலு குழந்தை, மினிவேன், ஏப்ரல், முதல் தடவை. நாலும் சேரும்போது ராத்திரிக்கு மேடு எடுங்க. அதுக்காகக் கரையை விட்டுடாதீங்க. காலையில ஆறரைக்கு இறங்குங்க, அப்ப ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும். பத்தரைக்கு ஏறிடுங்க.

மேட்டுநிழல்:
அந்த நேரம் சரி. இன்னொன்றை இதோடு சேர்க்க வேண்டும், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முகாம்கள் இருப்பது ஏரியின் மேற்குக் கரையில். காற்று வருவது மேற்கிலிருந்து. அதாவது காற்று கரையிலிருந்து நடு ஏரியை நோக்கித் தள்ளும். கரையோரம் அலை தெரியாது, தண்ணீர் அமைதியாகத் தோன்றும். ஊதிய டியூபில் படுத்திருக்கும் குழந்தை இரண்டு நிமிடத்தில் நீந்திப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விடும். ஏப்ரலில் தண்ணீரும் இன்னும் குளிர்ந்தே இருக்கும், நீந்தத் தெரிந்த பெரியவருக்கும் மூச்சு வாங்கும். டியூபைக் கரையில் ஒரு நங்கூரத்தோடு கயிற்றில் கட்டுங்கள். முழங்கால் ஆழத்தைத் தாண்டும் எல்லோருக்கும் உயிர்காப்பு உடை. கயாக் எடுத்தால் புறப்படும்போது காற்றை எதிர்த்து, கரையை ஒட்டியே.

புதுக்கூடாரம்:
மேட்டில் பக்கத்துப் பக்கத்து இடம் இரண்டு பார்க்கிறோம். அரிசிப் பை ஆறு எடுத்து வைத்தாயிற்று. மேட்டின் ஜல்லித் தரையில் அதற்கு வேலை உண்டா?

மணற்கரை:
உண்டு. புதைக்க முடியாது, அதனால முழுசா நிரப்புங்க, பதினேழு பதினெட்டு கிலோ வரும். ஆணி அடிச்ச கயிறு மேலயே, ஆணிக்குப் பக்கத்துல வைங்க. கயிறு துள்ளித் துள்ளித்தான் ஆணி கழலும், பை அந்தத் துள்ளலை அடக்கும். மணலைக் கரையிலேயே நிரப்பி எஸ்யூவியில கொண்டுவந்து, போகும்போது அங்கேயே கொட்டிடுங்க. அக்டோபர்ல காத்து அடங்கினப்புறம் இன்னொரு தடவை வாங்க, அப்ப ராத்திரியும் கரையிலதான்.

நாலுசக்கரம்:
எஸ்யூவி கரைக்கு இறங்கினால் தார்ச்சாலை ஏறுமுன் டயருக்கு மறுபடி 35 அடிக்க மறக்காதீர்கள். 20 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். 12 வோல்ட் சிறிய கம்ப்ரஸருக்கு நான்கு டயரும் முடிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இரண்டு டயருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.