“வீட்டுல என்ன இருக்கு?” உங்களுக்கு நடந்ததை சொல்லுங்க

ஆத்தங்கரைக்காரன்:
போன ஞாயிறு எங்க சர்ச் ஐயர் (பாஸ்டர்) பைபிள்ல 2 இராஜாக்கள் 4ம் அதிகாரம் எடுத்தாரு. கடன் குடுத்தவன் ஒரு விதவையம்மாவோட பிள்ளைகளை பிடிச்சிட்டுப் போக வந்து நிக்கான், எலிசா தீர்க்கதரிசி அந்தம்மாவுக்கு காசு குடுக்கல, வீட்டுல என்ன இருக்குன்னுதான் கேக்காரு. ஒரு குடம் எண்ணெய் தவிர ஒண்ணும் இல்லைங்காவ. எனக்கு பிரசங்கத்துல மனசு நிக்கல, 2023 டிசம்பருக்கு போயிட்டு.

எங்க ஊரு ஸ்ரீவைகுண்டத்துக்கு கொஞ்சம் கீழ. 17ம் தேதி ஞாயிறு ஆராதனை மழையிலயேதான் முடிஞ்சுது, ராத்திரி ஆறு தெருவுக்குள்ள வந்துட்டு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழைன்னு அப்புறமாதான் எங்களுக்கு தெரியும், அன்னைக்கு கரண்டும் இல்ல டவரும் இல்ல. எங்க கோயில், அதான் சர்ச், மேட்டுல இருக்கதால பள்ளத்தெரு சனம் பூரா அங்க வந்துட்டு, எப்படியும் 200 பேர் இருக்கும், விடிஞ்சா சின்னப்பிள்ளைக எல்லாம் பசின்னு அழுது.

எங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னுதான் எல்லாரும் பேசிட்டு இருந்தோம். வெஸ்ட்ரிக்கு (ஐயர் அங்கி மாத்துற ரூம்) பக்கத்து ரூம்ல அசனத்துக்கு, அதான் வருஷாவருஷம் கோயில்ல போடுற பொது விருந்துக்கு, சமைக்கிற வார்ப்பு, கிடாரம், அகப்பை எல்லாம் வருஷத்துக்கு ஒருநாள் திறக்கிறதோட சரி. சாவி பொருளாளர்ட்ட, அவர் வீடு தண்ணிக்கு அந்தப் பக்கம். உபதேசியார் (ஐயருக்கு உதவியா சபையைப் பாத்துக்கிற ஊழியர்) பூட்டை ஒரு நிமிஷம் பார்த்தாரு, என் கையில கடப்பாரையை குடுத்து, “கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன், நீ அடிலே”ன்னாரு.

அரிசிக்கு, வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வச்சு குடுக்கிற கைப்பிடி அரிசி காணிக்கை மூட்டை ரெண்டு இருந்துச்சு. அதுல ஒரு வீட்டுல இட்லி அரிசி, ஒரு வீட்டுல ரேஷன் அரிசி, ஒரு வீட்டுல பொன்னின்னு எல்லாம் கலந்து கிடக்கும்லா, வேகவச்சா பாதி குழைஞ்சுட்டு பாதி பல்லுல கடிக்கி. கஞ்சியா காய்ச்சிட்டோம். விறகு? எல்லாம் நனைஞ்சு கிடக்கு. ஏலம் போடணும்னு கால் ஒடிஞ்ச பழைய பெஞ்சு அஞ்சாறு அடுக்கி வச்சிருந்துச்சு, நல்ல தேக்கு, அதை உடைச்சு அடுப்புல வச்சோம். தண்ணியில மிதந்து வந்த தேங்காயை பிடிச்சு துவையல்.

மத்தியானம் ஒரு பாட்டி வார்ப்பு கழுவ வந்தாவ, நம்ம சபை இல்ல, அம்மன் கோயில் தெரு. வார்ப்பு விளிம்புல பேரும் 1961ம் வெட்டியிருக்கும், ஸ்தோத்திர காணிக்கைன்னு. விரலை வச்சு தடவிட்டு என்னைப் பார்த்து, “அசனத்துக்கு எங்களையும் கூப்பிடுவிய, வருவோம். மத்த நாளெல்லாம் இது சும்மாவாடே கெடக்கு?”ன்னு கேட்டாவ. சத்தியமா குத்தலா கேக்கல, தெரிஞ்சுக்கதான் கேட்டாவ. என்னால பதில் சொல்ல முடியல.

நீங்களும் எழுதுங்க.

நார்த்தங்காய் அக்கா:
எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துல, எஜமான் வேலைக்காரங்ககிட்ட தாலந்து குடுத்துட்டுப் போற பைபிள் உவமை மாதிரி, தாலந்துன்னு ஆளுக்கு 100 ரூபா குடுத்தாங்க, அறுப்பின் பண்டிகைக்குள்ள பெருக்கிக் கொண்டாரணும். நான் பெரிய இவளாட்டம் அச்சுமுறுக்கு போட்டேன், மாவு அச்சை விட்டு வரவே மாட்டேன்னுட்டு, எண்ணெய் காசும் போச்சு. மூஞ்சியை தூக்கி வச்சிட்டு உக்காந்திருந்தப்ப எங்க அத்தை வந்து, “ஏட்டி, பின்னாடி நார்த்தை மரத்துல காய் உதிர்ந்து அழுகுது, நீ கடையில போய் மாவு வாங்குத”ன்னு ஒரே போடு. வீட்டுல கிடந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எல்லாம் வெந்நீர்ல கழுவி காயவச்சு 12 பாட்டில் ஊறுகாய் போட்டேன், உப்பும் வத்தலும்தான் செலவு. 740 ரூபா கொண்டு போய் குடுத்தேன்.

அன்னைக்கு ஐயரம்மா ஒரு கணக்கு சொன்னாங்க. ஒரு தாலந்துன்னா 6000 வெள்ளிக்காசாம். மத்தேயு 20ல திராட்சத்தோட்ட கூலிக்காரனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பணம்னு வருதுல்ல, அந்தக் காசுதான். அப்போ ஒரு தாலந்துங்கிறது கிட்டத்தட்ட 20 வருஷக் கூலி! பாவம் அவனுக்கு மட்டும் கொஞ்சமா குடுத்துட்டாரேன்னு இத்தனை வருஷமா நான் அந்த உவமையில ஒரே ஒரு தாலந்து வாங்கி மண்ணுல புதைச்சவனுக்கு பரிதாபப்பட்டுட்டு இருந்தேன் 😄

சும்மா ஒரு சபையார்:
மன்னிக்கணும், உக்கிராணத்துவம்னு (கடவுள் குடுத்ததை பொறுப்பா பயன்படுத்துறது) நோட்டீஸ் போர்டுல பார்த்தாலே நான் பர்ஸை தொட்டுப் பார்த்துக்குவேன். எல்லா கூட்டமும் தசமபாகம் குடுக்கச் சொல்ற மல்கியா 3ல வந்துதான் முடியும். எங்க சபை ஹால் வாரத்துல 6 நாள் பூட்டித்தான் கிடக்கு, எதிர் லைன் வீட்டுப் பிள்ளைங்க படிக்க இடமில்லாம வாசப்படியில உக்காந்து படிக்குதுங்க, ஃபேன் ஓடினா கரண்ட் பில் வருமாம். அந்தப் பாட்டி எங்க ஊருக்கும் ஒருதடவை வந்தா நல்லாருக்கும்.

பெங்களூர் தங்கச்சி:
கைப்பிடி அரிசின்னதும் என் ரூம்மேட் ஞாபகம். ஐஸ்வால் பொண்ணு. வார்டனுக்கு தெரியாம கட்டிலுக்கு அடியில ரைஸ் குக்கர் வச்சிருந்தோம், ஒவ்வொரு வேளையும் அரிசி கழுவுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து போர்ன்விட்டா டப்பாவுல போடுவா. பூஃபாய் தாம்னு பேராம், மிசோரம் சபைப் பெண்கள் 1910ல ஆரம்பிச்சது, அதுலயே இன்னைக்கு வருஷத்துக்கு கோடிக்கணக்குல காணிக்கை சேருதாம். எங்க அம்மாவும் பிடி அரிசி குடுப்பாங்க, ஆனா சனிக்கிழமை ராத்திரி ஞாபகம் வந்து மொத்தமா அள்ளி பையில கொட்டுவாங்க (அம்மா இதைப் படிச்சா நான் காலி). மாசக் கடைசியில ஒரு டம்ளர் அரிசிதான் மிச்சம், அதுலயும் எடுத்தா. ஏய் லூசு, நமக்கே பத்தாதுன்னு கத்துனேன். அவ, இன்னைக்கும் சமைக்கிறோம்லன்னா. எனக்கு அன்னைக்கு எரிச்சலாத்தான் வந்துச்சு, பொய் சொல்லல.

சும்மா ஒரு சபையார்:
@ஆத்தங்கரைக்காரன் அந்தப் பெஞ்சு விஷயம் கமிட்டியில என்னாச்சு? விட்டிருக்க மாட்டாங்களே.

ஆத்தங்கரைக்காரன்:
விடுவாங்களா. ஜனவரி கூட்டத்துல பூட்டு ஒண்ணு, பெஞ்சு ஆறுன்னு மினிட்ஸ்ல ஏத்தி, யார் உத்தரவுல உடைச்சதுன்னு கேட்டாங்க. உபதேசியார் எந்திரிச்சு நின்னு நான்தான்னாரு, பெஞ்சுக்கு சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்கன்னாரு. கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசல. பொருளாளரே தான் முதல்ல வாயைத் திறந்தாரு, அவர் வீட்டு ஆட்களும் அந்தக் கஞ்சியைத்தானே ரெண்டு நாள் குடிச்சாவ. இப்ப அந்த ரூமுக்கு ரெண்டு சாவி இருக்கு, ஒண்ணு உபதேசியார் வீட்டு ஆணியில தொங்குது. போன மாசம் அம்மன் கோயில் தெருவுல ஒரு சடங்கு வீட்டுக்கு வார்ப்பு போயிட்டு வந்துச்சு, கழுவி பளபளன்னு கொண்டாந்து வச்சிருக்காவ.