ஆஸ்திரேலியாவா, அயர்லாந்தா? போனவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். ஊர் தக்கலை பக்கம். எனக்கு 31 வயது, சிவில் இன்ஜினியர். மனைவிக்கு 29, திருவனந்தபுரத்தில் ஐசியூ நர்ஸ், ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதி முடித்துவிட்டாள். வெளிநாடு போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் குழப்பம்.

கனடாவில் குடியேற விண்ணப்பித்தால், 30 வயது தொட்டதுமே வயதுக்கான மதிப்பெண் குறையத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் 32 வயது வரை முழுசாக 30 புள்ளி, 33 ஆனால் 25. அதனால் தள்ளிப்போட முடியாது. இங்கிலாந்தில் சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான 5 வருடக் காத்திருப்பை 10 ஆக்கும் திட்டத்தை 2025-ல் அறிவித்ததிலிருந்து எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

அயர்லாந்து பிடித்திருக்கிறது. நர்ஸுக்கு கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் (ஆள் பற்றாக்குறையுள்ள வேலைகளுக்கான அனுமதி) கிடைத்தால் கணவனும் வேலை பார்க்கலாம், இரண்டு வருடத்தில் ஸ்டாம்ப் 4, அதாவது தனி பெர்மிட் இல்லாமல் தங்கி வேலை பார்க்கும் அனுமதி. ஆனால் டப்ளின் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. ஆஸ்திரேலியா என்றால் என் படிப்பை இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு மதிப்பிட வேண்டும், அவளுக்குத் தனியாக நர்ஸ் பதிவு. செலவு இரட்டிப்பு.

மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்ட் 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்கிறார். கட்டண விவரத்தை எழுதித் தரச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றுகிறார். சரி, அவர் வேண்டாம்.

நான் கேட்பது இதுதான்: யாருடைய பெயரில் முதலில் விண்ணப்பித்தீர்கள்? சிவில்காரர்களுக்கு அயர்லாந்தில் போனவுடன் வேலை அமைகிறதா? அம்மா இங்கே தனியாக இருப்பார், பிறகு அழைத்துக்கொள்ள எந்த நாட்டில் வழி இருக்கிறது?