குறைந்த செலவில் ஃபேஸ் மாஸ்க்: வீட்டில் கலப்பதா, டியூப் வாங்குவதா?

பசுந்துளிர்:
ஃபேஸ் மாஸ்க்குக்கு என்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை என்பது என் கட்சி. தயிர், தேன், ஓட்ஸ், எலுமிச்சை இருந்தால் போதும். கடை டியூபில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதோடு வாசனைக்கும் டப்பாவுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

அளவுகோல்:
இருக்கிறது. முதலில் அந்தப் பட்டியலிலிருந்து எலுமிச்சையை எடுத்துவிடுங்கள். பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். தோலின் மேற்பரப்புக்கு அது ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை. எலுமிச்சைச் சாற்றுக்கு 2 சொச்சம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதால், இது தோல் தாங்கும் அமிலமே இல்லை. இன்னொன்று, எலுமிச்சை வகைகளில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. சரியாகக் கழுவாமல் வெயிலில் போனால் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் வரும். அது ஆறிய பிறகு கருமை மாதக்கணக்கில் நிற்கும். கருமை போகத்தான் பலரும் இதைப் பூசுகிறார்கள் என்பதுதான் வேதனை.

பேக்கிங் சோடாவும் வேண்டாம். அது எதிர்ப்பக்கம், பிஎச் 8க்கு மேல். தோலின் அமிலப் படலம் கலைந்து, எரிச்சலும் வறட்சியும் வரும்.

பசுந்துளிர்:
அவை இரண்டையும் விட்டுவிடுகிறேன், நியாயம்தான். ஆனால் ஓட்ஸை விடமாட்டேன். நைசாக அரைத்த ஓட்ஸ் மாவை, தோலைப் பாதுகாக்கும் பொருளாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2003லேயே ஏற்றுக்கொண்டது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவெனாந்த்ரமைடு அரிப்பைத் தணிக்கும்.

செய்முறை: சர்க்கரை, வாசனை எதுவும் சேராத ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு தேக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால்போல் வெளுத்து அப்படியே நின்றால் பதம் சரி. அடியில் படிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். மாஸ்க்குக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். 5 நிமிடம் ஊறியதும் பூசி, 10 நிமிடத்தில் கழுவலாம். தேய்க்கக் கூடாது, கரடான துகள் தோலைக் கீறும்.

அளவுகோல்:
ஓட்ஸில் எனக்குச் சண்டை இல்லை. தயிரில் இருக்கிறது. அதிலுள்ள லாக்டிக் அமிலம் சுமார் 1%தான். இறந்த செல்களை நீக்க விற்கும் சீரங்களில் 5 முதல் 10% வரை இருக்கும். தயிர் பூசினால் குளிர்ச்சியாக, மிருதுவாக இருக்கும், அவ்வளவே. அதற்குமேல் எதிர்பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய தவறு, ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கலந்து ஃப்ரிட்ஜில் வைப்பது. தண்ணீர் பட்ட மாவில் பதப்படுத்தும் பொருள் இல்லாவிட்டால் கிருமியும் பூஞ்சையும் வளரும். நாற்றம் வருவதற்கு முன்பே வளர்ந்திருக்கும். முகத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் அது ஆபத்து. பச்சை முட்டை வெள்ளைக்கரு வேண்டவே வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி வாய்க்குள் போக வழி இருக்கிறது. அது காயும்போது தோல் இறுகுவதுபோல் தெரிவதெல்லாம் கழுவியதும் போய்விடும்.

தூரிகை:
இரண்டு பேரும் களிமண்ணை மறந்துவிட்டீர்கள். எண்ணெய்ப்பசை முகத்துக்கு என் கணக்கில் அதுதான் மிகச் சிக்கனம். கயோலின் என்ற வெள்ளைக் களிமண் பொடி 100 கிராம், ஒரு தடவைக்கு 5 கிராம் என்றால் 20 மாஸ்க். உலர்ந்த பொடி என்பதால் ஈரம் படாமல் மூடி வைத்தால் கெடாது. பூசும் நேரத்தில் மட்டும் கலந்துகொள்ளலாம்.

கயோலின் மென்மையானது, 2 தேக்கரண்டிக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தேக்கரண்டி தண்ணீர் போதும். பென்டனைட் வேறு ரகக் களிமண். தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். பொடியின்மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தண்ணீரின்மேல் பொடியைத் தூவி, கிளறாமல் 10 நிமிடம் விட்டுப் பிறகு கலக்குங்கள். பொதுவாகக் காரத்தன்மை உள்ளது என்பதால் வறண்ட முகத்துக்கும் எளிதில் எரியும் முகத்துக்கும் ஆகாது. எவர்சில்வர் கரண்டி பட்டால் களிமண் சக்தி போய்விடும் என்பார்கள். ஒரு நிமிடக் கலக்கலில் ஒன்றும் ஆகாது.

தவறு நடப்பது பூசும்போதுதான். மெல்லிசாகப் பூசினால் நாலைந்து நிமிடத்தில் காய்ந்து தோலை இழுக்கும். தோல் தெரியாத அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம் வேண்டும். வெடிப்பு விழும்வரை காத்திருக்காதீர்கள். ஓரம் வெளுத்து நடுவில் ஈரம் இருக்கும்போதே, 8 முதல் 10 நிமிடத்தில், ஈரத்துணியால் ஒற்றி ஊறவைத்துக் கழுவுங்கள். வாரம் ஒரு முறை போதும். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை க்ரீம்) தடவும் இரவில் மாஸ்க் வேண்டாம்.

நிலவொளி:
வறண்ட முகத்துக்காரர்கள் என்ன செய்வது? நனைத்த துணிபோல் முகத்தில் போடும் ஷீட் மாஸ்க் ஒரு தடவையோடு குப்பைக்குப் போகிறது, கட்டுப்படியாகாது.

தூரிகை:
அதில் வேலை செய்வது பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினும், மேலே மூடியிருக்கும் துணியும்தான். கொதித்து ஆறிய தண்ணீர் 24 மில்லி, கிளிசரின் 1 மில்லி. கிளிசரின் கனமானது என்பதால் எடைக்கு இது 5% வரும். இதில் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை நனைத்து 15 நிமிடம் முகத்தில் போடுங்கள். துணி காய்வதற்குள் எடுத்துவிட்டு, ஈரத்தோடேயே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். மிச்சக் கரைசலைக் கொட்டிவிட வேண்டும். கிளிசரினைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே பூசாதீர்கள், பிசுபிசுக்கும், சிலருக்கு எரியும்.

கொலாஜன் மாஸ்க் என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கொலாஜன் ஒரு புரதம். மூலக்கூறின் எடையை டால்டனில் அளப்பார்கள். ஏறக்குறைய 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு தோலுக்குள் நுழைவது கடினம். முழுக் கொலாஜன் சுமார் 3 லட்சம் டால்டன். மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அளவுகோல்:
இவ்வளவுக்குப் பிறகும் சிலருக்கு டியூப்தான் சரி என்பேன். ரோசேசியாவோ (முகம் சிவக்கும் தோல் நோய்) எக்ஸிமாவோ (அரிப்போடு வரும் தோல் அழற்சி) உள்ளவர்களுக்கு, பிஎச் சரிபார்த்து, பதப்படுத்தும் பொருளும் சேர்த்த வாசனையற்ற தயாரிப்பு பாதுகாப்பானது. வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். அதிக அளவில் உள்ளதுதான் முதலில் வரும். களிமண் மாஸ்க் என்று எழுதியிருந்தும் களிமண் முதல் நாலைந்து பெயருக்குள் இல்லையென்றால், நிறத்துக்காகச் சேர்த்த களிமண் அது.

பசுந்துளிர்:
அவர்களுக்கு டியூப், ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு ஓட்ஸும் கயோலினும் போதும் என்பதில் மாற்றமில்லை. தேன் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

அளவுகோல்:
தேன் ஈரத்தை இழுத்து வைக்கும், கிருமி வளர விடாது. மெல்லிசாகப் பூசி 10 நிமிடத்தில் கழுவலாம். மகரந்த ஒவ்வாமை இருப்பவர்கள் தொடக் கூடாது. தேனோ ஓட்ஸோ, முதல் தடவை என்றால் தாடைக்கடியில் கொஞ்சம் பூசி, கழுவி, 48 மணி நேரம் பாருங்கள். ஒவ்வாமை பல சமயம் தாமதமாகத்தான் தலைகாட்டும்; அரை மணி நேரம் பார்த்துவிட்டு முகம் முழுக்கப் பூசினால் அது கணக்கில் வராது.