எண்பது வெள்ளிக்கு ஒரு வெள்ளிப் பதக்கம்

பினாங்கு கடிகாரக்காரன்:

பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்கு நான் போவது பழைய கைக்கடிகாரங்களுக்காக. ஓடாத கடிகாரமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் உதிரிகள் என் தொழிலுக்கு உதவும். போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தரைவிரிப்பில் கிடந்த பிஸ்கட் டின்னைக் கிளறிக்கொண்டிருந்தேன். பொத்தான்களுக்கும் சாவிகளுக்கும் நடுவே ஒரு பதக்கம் விரலில் தட்டுப்பட்டது. 120 வெள்ளி (ரிங்கிட்) என்றார் கடைக்காரர். 80-க்கு முடித்தேன். அப்படி அடித்துப் பேசியதற்காகப் பின்னால் வெட்கப்பட நேரும் என்று அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ஒரு பக்கம் எலிசபெத் ராணி. மூக்கு தேய்ந்து போயிருந்தது. மறுபக்கம் இறக்கை விரித்த வெற்றித் தேவதை. ஊதா நாடா, நடுவில் பச்சைக் கோடு, மேலே 'மலாயா' என்ற பட்டை. நாடாவின் பின்புறம் துருப்பிடித்த ஊக்கு ஒன்று. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டிஷார் கொடுத்த பொதுச் சேவைப் பதக்கம் அது. இரண்டாம் உலகப் போருக்காகத் தங்கள் நாட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பிரிட்டிஷார் பெயர் பொறிக்கவில்லை. இதில் பொறித்தார்கள். விளிம்பில் ஓர் எண், போலீஸ் படையைக் குறிக்கும் சுருக்கெழுத்து, பிறகு ஆங்கிலத்தில் ஒரு தமிழ்ப் பெயர். பாதி எழுத்துகள் மழுங்கிவிட்டன. யாரோ இதை ஆண்டுக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துத் துலக்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஆளைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று. அந்த அலைச்சலை முழுதாகச் சொன்னால் உங்களுக்கு அலுக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்த காலம் அது. கடைசியில் வழிகாட்டியவர் என் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர். 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில் வந்த நினைவஞ்சலிகளையெல்லாம் வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கும் மனிதர். 'முன்னாள் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' என்று போட்ட ஒரு படமும் அதில் இருந்தது. அவசரகாலம் தொடங்கியதும் ரப்பர் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காக்க அவசர அவசரமாக ஆள் சேர்த்தார்களே, அந்தப் படை.

நிபோங் திபால் பக்கம் ஓர் அடுக்குமாடி. பேரன் கதவைத் திறந்தார். உள்ளே எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர். நான் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அதை மறைப்பானேன். அவர் ராணியையும் பார்க்கவில்லை, விளிம்பையும் பார்க்கவில்லை. பதக்கத்தைத் திருப்பி நாடாவின் பின்புறத்தைத் தடவினார்.

"இது என் ஊக்கு," என்றார். அடுத்த கேள்வி: "எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள்?"

சொன்னேன். தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது பழைய டின்களை எடைக்குப் போட்டது தான்தான் என்று பேரன் தலையைக் குனிந்துகொண்டார்.

கணவர் அதை ஒருநாளும் சட்டையில் குத்திக்கொண்டதில்லையாம். அவருடைய அண்ணன் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையில் இருந்தவர். கள்ளுக்கடைகளை மூடச்சொல்லி மறியல் செய்த இளைஞர்களில் ஒருவர். அவசரகாலத்தில் அவரைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அதன் பிறகு கடிதம் இல்லை. அதே சர்க்காரின் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி தோட்டத்து வேலியைச் சுற்றி வந்திருக்கிறார். 1949-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்ட செய்தி வந்த அன்று வீட்டில் யாரும் சோறு தின்னவில்லை என்று மாமியார் சொல்வாராம்.

"அவர் தூக்கிப் போடச் சொன்னார். நான்தான் அலமாரிக் கதவின் உள்பக்கம் குத்தி வைத்தேன். தீபாவளிக்குத் தீபாவளி விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்குவேன். தேய்ப்பதைப் பார்த்தும் பாராதவர் மாதிரி வாசலுக்குப் போய்விடுவார்."

ராணியின் மூக்கு எங்கே போயிற்று என்பது அப்போது விளங்கியது. எனக்குத் தொழில் புத்தி. புளி வேண்டாம், மெல்லிய துணியால் ஒற்றினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செந்தூல்வாசி:

ஐயா, எனக்கு நேர்ந்தது சிறியது, ஆனால் இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். கோலாலம்பூரில் பழைய அலமாரி ஒன்று வாங்கினேன். இழுப்பறையில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் ஒரு புகைப்படம்: தொப்பி, காற்சட்டை, தோளில் துப்பாக்கியுடன் பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண். நேதாஜி 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய, இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை. தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் அதில் சேர்ந்தார்கள். அலமாரியை விற்ற கடைக்காரர் மூலமாகவே குடும்பம் கிடைத்துவிட்டது. பேத்தி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கள் அப்பாயியா? நான் ஜீன்ஸ் போட்டதற்கு என்னை ஒரு வாரம் திட்டினாரே!" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர்களுக்குப் பிரிட்டிஷார் பதக்கம் கொடுப்பார்களா என்ன? அந்தப் படம் ஒன்றுதான் மிச்சம்.

உங்கள் 80 வெள்ளி என்ன ஆயிற்று? அந்த அம்மா பதக்கத்தை வைத்துக்கொண்டாரா?

பினாங்கு கடிகாரக்காரன்:

முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "என் வீட்டுப் பொருளை நான் கடனில் வாங்கமாட்டேன்," என்றார். வாங்கிக்கொண்டு, தேநீர்த் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு நழுவினேன். பஸ் நிற்கும் இடம் வரை பேரன் ஓடிவந்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முதல் நாள் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். நாளிதழ் விரித்த தரையில் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, இரண்டு செம்பு; ஓரத்தில் பதக்கம், மேலெல்லாம் புளிக்கரைசல். விளிம்பில் மிச்சமிருந்த எழுத்துகளும் இந்த ஆண்டோடு போய்விடும் போலிருக்கிறது.