நத்தையின் குடல் அசைவை நரம்பு மண்டலம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது?

கேள்வி:
நான் முதுநிலை விலங்கியல் மாணவி. பைலா நத்தையின் நரம்பு மண்டலப் படத்தில், வாய்ப்பகுதி நரம்புத்திரளிலிருந்து உணவுக்குழலுக்கு நரம்புகள் செல்வதாகக் காட்டுகிறார்கள். அப்படியானால் உணவைத் தள்ளும் ஒவ்வொரு சுருக்கத்திற்கும் ஆணை அங்கிருந்துதான் வருகிறதா? ஆனால், உடலிலிருந்து பிரித்து உப்புக் கரைசலில் இட்ட குடலும் அசைகிறது என்று படித்தேன். இவ்விரண்டும் எனக்குப் பொருந்தி வரவில்லை. கடல் அட்டையிலும் இதே நிலைதானா?

முதல் பதில்:
ஒரு சிறு திருத்தம், அம்மா. நம் மீனவர்கள் கடல் அட்டை என்பது நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலி. அது மெல்லுடலியே அன்று. ஓடு இல்லாத, அல்லது ஓடு சிறுத்து உள்ளே மறைந்த, கடல் நத்தைகளைத்தான் நீங்கள் கருதுகிறீர்கள் என்று கொள்கிறேன். அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது கடல் முயல் எனப்படும் அப்ளிசியா. நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டலுக்கு 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்த நினைவாற்றல் ஆய்வுகளும் இவ்விலங்கில் நடந்தவையே.

அப்ளிசியா விழுங்கும் கடற்பாசி முதலில் தீனிப்பையில் தங்குகிறது. அடுத்துள்ள அரைவைப்பையின் கடினமான பற்கள் அதை நசுக்குகின்றன. இவ்வுறுப்புகளின் சுவரிலேயே நரம்புச் செல்கள் வலைபோலப் பரவியிருக்கின்றன. எனவே நீங்கள் படித்த இரண்டும் சரி: சுருக்கத்தின் தாளம் வெளியாணை இல்லாமலே குடலில் எழுகிறது, வாய்ப்பகுதி நரம்புத்திரளோ, உணவுக்குழல் நரம்பின் வழியே, அத்தாளத்தை மாற்றியமைக்கிறது. பாடநூல் படம் நரம்பின் பாதையைக் காட்டுகிறதே தவிர, அதில் செல்லும் செய்தி எத்தகையது என்பதைக் காட்டுவதில்லை.

இரண்டாம் பதில்:
மேற்கண்ட விளக்கத்திற்கு நன்னீர் நத்தையான லிம்னேயா நல்ல சான்று. அதன் வாய்ப்பகுதி நரம்புத்திரளில் பி2 என்று பெயரிடப்பட்ட இயக்க நரம்புச் செல்லின் இழை முன்குடலுக்குச் செல்கிறது. இச்செல், நரம்புச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினுடன், மயோமாடுலின் என்னும் பெப்டைடுகளையும் (சிறு அமினோ அமிலச் சங்கிலிகளையும்) கொண்டுள்ளது என்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரித்தெடுத்த உணவுக்குழல்மீது மயோமாடுலினை இட்டபோது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சுருக்கங்கள் அடிக்கடி நிகழத் தொடங்கின. இதற்கு எதிரான விளைவும் உண்டு: அப்ளிசியாவின் குடலிலும் மைய நரம்பு மண்டலத்திலும் 2001இல் கண்டறியப்பட்ட என்டெரின் பெப்டைடுகள் குடலின் சுருக்கத்தை அடக்குகின்றன. தேர்வில் தூண்டும் நரம்பு, அடக்கும் நரம்பு என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிடாதீர்கள். ஒரே செல் பல வேதிப்பொருள்களை வெளியிடுவது இங்கு வழக்கமான ஒன்று.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குடலிலிருந்து நரம்பு மண்டலத்திற்கும் செய்தி செல்கிறதா?

முதல் பதிலளித்தவர்:
செல்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். 1975இல் சுஸ்வைன், குப்பர்மான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அப்ளிசியாவின் குடலைச் சத்தற்ற பொருளால் நிரப்பிப் பார்த்தார்கள். அதில் உணவூட்டம் ஏதும் இல்லாதபோதும் விலங்கு, வயிறு நிறைந்ததுபோல, உண்பதை நிறுத்திக்கொண்டது. ஆக, போதும் என்ற செய்தியை அனுப்பக் குடல் விரிவதே போதுமானதாக இருக்கிறது.