‘வீடு’ படத்துக்கு நல்ல பிரதி கிடைக்க வழி சொல்லுங்களேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரித் திரைப்படக் குழுவை மாணவர்களே நடத்துகிறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருத்தரங்கக் கூடத்தில் படம், முடிந்ததும் பேச்சு. அடுத்த மாதம் ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978), பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இரண்டையும் திரையிட இருக்கிறோம்.

முதல் படம் ஏற்பாடாகிவிட்டது. ‘வீடு’தான் சிக்கல். அதன் நெகட்டிவ் பாழாகிப்போனதை பாலு மகேந்திராவே வேதனையோடு சொல்லியிருக்கிறார். எங்களிடம் இருக்கும் கோப்பு லேப்டாப்பில் பரவாயில்லை. திரையில் போட்டால் அர்ச்சனாவின் முகம் கலங்கித் தெரிகிறது. பாட்டே இல்லாத படம், இளையராஜாவின் வயலின் வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. அந்த நடிப்பையும் இசையையும் இப்படிக் காட்ட மனசு வரவில்லை. நல்ல பிரதிக்கு யாரை அணுகலாம்? புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் படம் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் நடைமுறையைச் சொல்லுங்கள், அண்ணா, அக்கா.

இன்னொன்று அனுமதி. மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் என்று கல்லூரியைச் சேர்ந்தவர்கள் மட்டும் பார்த்தால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் கல்லூரிக்குப் பின்தெருவில் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. ஒரு வீடு கட்டப்படும் கதையை அவர்கள் பார்க்காமல் யார் பார்ப்பது? அவர்களையும் கூப்பிட வேண்டுமென்றால் உரிமை வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும். இப்போது அது யாரிடம் இருக்கிறது, எப்படிக் கேட்பது?

கட்டணம் வசூலிப்பதில்லை. நியாயமான தொகை என்றால் நாங்களே பிரித்துக் கட்டிவிடுவோம். தெரிந்தவர்கள் இங்கேயே பதில் போடுங்கள்.